டயரில் எழுதிய வரலாறு: மெட்ராஸ் ஹெரால்டும் சாய்ந்த பின்சக்கரங்களும்

இந்த எபிசோட் முழுக்க ஒரு காரோட பின்சக்கரத்தைப் பத்தித்தான். "அதுல என்னய்யா வரலாறு இருக்கு?"ன்னு கேக்கலாம். இருக்கு. 1970-களின் தொடக்கத்துல மெட்ராஸ்ல ஒரு கார் கம்பெனி, தன் காருக்கு அடியில இருந்த நவீன பின்பக்க சஸ்பென்ஷனைக் கைவிட்டுட்டு, மாட்டுவண்டி அச்சு மாதிரியான பழைய முறைக்குத் திரும்பிப் போச்சு. டெக்னாலஜின்னா பழசுலேர்ந்து புதுசுக்குத்தான் போகும்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். இங்கே நேர் எதிரா நடந்தது. ஏன் நடந்ததுன்னு புரியணும்னா ஒரு சின்ன வித்தையைக் கத்துக்கணும்: டயரைப் படிக்கிறது.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சிட்டு சாஃப்ட்வேருக்குள்ள வந்த ஆள். இந்த ஊர்ல அப்படி எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். வேலையில சர்வர் விழுந்தா நாங்க முதல்ல திறக்கிறது லாக் ஃபைல். எந்த நிமிஷம் என்ன ஆச்சுன்னு அது எழுதி வச்சிருக்கும். பழைய காருக்கும் அப்படி ஒரு லாக் இருக்கு. கார் ஓடின ஒவ்வொரு கிலோமீட்டரும் ரப்பர்ல பதிவாகுது. ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகி மறு ஓரத்துல பட்டன் புத்தம் புதுசா இருந்தா, அந்தச் சக்கரம் இத்தனை நாளா நேரா நிக்கலைன்னு அர்த்தம். பிரச்சினை என்னன்னா, பெரும்பாலும் நாம அதைப் படிக்காமலேயே டயரை மாத்திட்டு வந்துடுறோம்.

மூணு காரே கதின்னு இருந்த காலம்

1960-கள்ல இந்தியாவுல புதுக் கார் வாங்கணும்னா தேர்வு ரொம்பக் குறைவு. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்ச அம்பாசிடர். பம்பாய்ல பிரீமியர் செஞ்ச ஃபியட். மூணாவது நம்ம ஊர் கார். இங்கிலாந்தோட ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் கூட்டுல, சுதந்திரத்துக்கு அப்புறம் மெட்ராஸ்ல உருவான ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் ஆலை. இன்னைக்கு அந்தப் பக்கம் போனா ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும்தான் கண்ணுல படும்.

அந்த ஆலை 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்துல டிரையம்ஃப் ஹெரால்டுங்கிற பேர்ல 1959-ல் வந்த அதே கார். இத்தாலியின் டூரின் நகரத்து டிசைனர் ஜியோவான்னி மிக்கேலோட்டி வரைஞ்ச வடிவம். 948 சிசி இன்ஜின். 25 அடி வட்டத்துல முழுசா திரும்பிடும், அதாவது நம்ம தெருவுல கூட ரிவர்ஸ் போடாம யு-டர்ன் அடிக்கலாம். பானட்டைத் திறந்தா முன்பக்கம் மொத்தமும் மட்கார்டோட சேர்ந்து தூக்கிக்கும்.

இந்தக் காருக்குத் தனி சேசிஸ் இருந்ததுக்குப் பின்னாடியும் ஒரு கதை. 1950-கள்ல பிரிட்டன்ல மத்த கம்பெனிகள் பாடியும் சேசிஸும் ஒண்ணா சேர்ந்த முறைக்குப் போயிட்டு இருந்தாங்க. ஸ்டாண்டர்டுக்கு பாடி செஞ்சு கொடுத்துட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. முழு பாடியை ஒரே இடத்துல செய்ய வழியில்லாமப் போச்சு. அதனால தனி சேசிஸ், அது மேல போல்ட் போட்டுப் பூட்டுற பாடித் துண்டுகள். துண்டு துண்டா வேற வேற இடத்துல செஞ்சு கடைசியில பூட்டிக்கலாம். பிறகு மெட்ராஸ் கம்பெனி இங்கிலாந்துலயே இல்லாத நாலு கதவு ஹெரால்டைச் செஞ்சபோது இந்த அமைப்பு கைகொடுத்தது.

ஆனா நம்ம விஷயம் அந்த சேசிஸோட பின்கோடியில இருக்கு.

அச்சை ஒடிச்சா என்ன ஆகும்

அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் பின்பக்கம் லைவ் ஆக்ஸில். இரண்டு சக்கரத்தையும் ஒரே கெட்டியான இரும்புக் குழாய் இணைக்கும், நடுவுல டிஃபரன்ஷியல் உருண்டை. குழாய்க்கு மேல ரெண்டு பக்கமும் பட்டை பட்டையா அடுக்கின லீஃப் ஸ்பிரிங். இடது சக்கரம் பள்ளத்துல இறங்கினா வலது சக்கரமும் கூடவே சாயும். சொகுசு குறைவு. ஆனா ஒரு விஷயம் உறுதி: சமமான ரோட்டுல காருக்குள்ள ஒருத்தர் இருந்தாலும் சரி, ஏழு பேர் திணிச்சு உக்காந்தாலும் சரி, பின்சக்கரம் ரோட்டுக்குச் செங்குத்தாத்தான் நிக்கும். அச்சு வளையாத வரைக்கும் சக்கரம் சாய வழியே இல்லை.

ஹெரால்டுல அப்படி இல்லை. டிஃபரன்ஷியலை சேசிஸோட சேர்த்துப் பூட்டிட்டாங்க. அதிலிருந்து ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அரை ஆக்ஸில். அந்த ஆக்ஸில் மடங்குறதுக்கு மூட்டு உள்பக்கம் மட்டும்தான், சக்கரத்துப் பக்கம் மூட்டு கிடையாது. டிஃபரன்ஷியலோட தலையில குறுக்கா ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங்கைப் பூட்டி, அதோட ரெண்டு முனையும் ரெண்டு சக்கரத்தைத் தாங்கும். சக்கரம் முன்னும் பின்னும் நகராம இருக்க, சேசிஸ்ல இருந்து ஒரு ரேடியஸ் ஆர்ம். இந்த முறைக்குப் பேரு ஸ்விங் ஆக்ஸில். பறவை சிறகடிக்கிற மாதிரி ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா மேல கீழ போகும்.

இதோட மூலம் பழசு. எட்மண்ட் ரும்ப்ளர்ங்கிற ஆஸ்திரியப் பொறியாளர் 1903-லேயே காப்புரிமை வாங்கினார். ஃபோக்ஸ்வேகன் பீட்டில்ல உலகம் பூரா ஓடுனதும் ஸ்விங் ஆக்ஸில்தான். 1959-ல் ஒரு சின்னக் குடும்பக் காருக்கு நாலு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன்னு சொன்னா, பிரிட்டிஷ் சந்தையில அது பெரிய விளம்பரம்.

இப்ப கணக்குக்கு வருவோம். சக்கரத்துப் பக்கம் மூட்டு இல்லாததால, சக்கரம் எப்பவும் அரை ஆக்ஸிலுக்குச் செங்குத்தாவே நிக்கும். ஆக்ஸில் சாஞ்சா சக்கரமும் அதே அளவு சாயும். ஹெரால்டுல அந்த மூட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில தோராயமா அரை மீட்டர். காரோட பின்பக்கம் வெறும் 2 செ.மீ. இறங்கினா, சக்கரம் 2 டிகிரிக்கு மேல சாயும். 4 செ.மீ. இறங்கினா நாலரை டிகிரி. சக்கரத்தோட தலை உள்பக்கமா வரும், கால் வெளிப்பக்கமா போகும். இந்தச் சாய்வுக்குத்தான் கேம்பர்னு பேரு.

இதை நம்ம ஊர் பயன்பாட்டுல வச்சுப் பாருங்க. ஒருத்தர் மட்டும் ஆபீஸ் போறப்ப ஒரு கேம்பர். கல்யாணத்துக்குப் பின்சீட்ல நாலு பேரும் டிக்கியில பெட்டிகளும் பாத்திரமும் ஏறினா வேற கேம்பர். பத்து வருஷம் லோடு இழுத்து ஸ்பிரிங் தொய்ஞ்சுட்டா, காலி வண்டியே எப்பவும் லோடு வண்டி மாதிரி உக்காந்திருக்கும். ரெண்டு பின்டயர்லயும் உள் ஓரம் தேஞ்சுக்கிட்டே போகும். காருக்குப் பின்னாடி நின்னு பாக்கிறவங்களுக்குத் தெரியறது டயரோட வெளி ஓரம். அங்கே பட்டன் நல்லா இருக்கும். தேயற ஓரம் மறைவுல இருக்கும்.

அடுத்து ரேடியஸ் ஆர்ம். அதோட முனையில ரப்பர் புஷ். ரப்பர் செத்துப்போனா சக்கரம் லேசா முன்ன பின்ன ஆடும், நேரா உருளாம ஒரு பக்கம் திரும்பின மாதிரி உருளும். இது டோ கோளாறு. இதைச் சரி செய்ய ஹெரால்டுல ஆர்மோட பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவுல மெல்லிய தகடு வைப்பாங்க. தகட்டைக் கூட்டிக் குறைச்சா சக்கரத்தோட திசை மாறும். இப்ப யோசிங்க: ஸ்பிரிங், மூட்டு, புஷ், தகடு, பேரிங். ஒரு டயர் தேஞ்சதுக்கு இவ்வளவு பேர் மேல சந்தேகம். அம்பாசிடர் கொண்டுவந்தா அச்சு வளைஞ்சிருக்கா, ஸ்பிரிங்கோட சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கான்னு பாத்தா பாதி வேலை முடிஞ்சது. அதையே பாத்துப் பழகின ஒரு மெக்கானிக் முன்னாடி ஹெரால்டு வந்து நின்னா, அவர் கையில இருக்கிற அனுபவம் பாதிக்கு மேல செல்லாது.

அமெரிக்காவுல இதே கோளாறு, வேற பதில்

மெட்ராஸ் என்ன செஞ்சதுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு அமெரிக்கா போயிட்டு வந்துடுவோம். ஏன்னா இதே ஸ்விங் ஆக்ஸில் அங்கே கோர்ட், செனட்னு பெரிய விவகாரமாச்சு. அங்கே கேள்வி டயர் தேய்மானம் இல்லை, உயிர்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1960 மாடலா ஷெவர்லே கார்வேர்ங்கிற காரை இறக்கினாங்க. இன்ஜின் பின்பக்கம். காரோட எடையில 60 சதவீதத்துக்கு மேல பின்சக்கரத்து மேல. அந்தப் பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆக்ஸில். வேகமா வளைவுல திரும்பறப்ப ஸ்விங் ஆக்ஸிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெளிப்பக்கச் சக்கரம் ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு காரோட பின்பக்கத்தை மேல தூக்கும். பாடி மேல போனா சக்கரம் அடியில மடங்கும். மடங்கின சக்கரத்துக்கு ரோட்டுப் பிடி குறையும். பின்பக்கம் வழுக்கிச் சுத்திடும், சில சமயம் கவிழும்.

ஜெனரல் மோட்டார்ஸ் அதுக்கு வச்சிருந்த மருந்துகள்ல முக்கியமானது காத்து. முன்டயருக்கு 15 பி.எஸ்.ஐ., பின்டயருக்கு 26 பி.எஸ்.ஐ. முன்டயர்ல காத்து குறைவா இருந்தா முன்பக்கத்துப் பிடி கொஞ்சம் குறையும், அதனால பின்பக்கம் முந்திக்கிட்டு வழுக்காது. பொறியியல்படி தப்பில்லை. ஆனா ஓட்டுறவருக்கும், பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்கிற பையனுக்கும் இது தெரியணுமே. நாலு டயருக்கும் ஒரே அளவு அடிச்சுப் பழகின கை. அப்படி அடிச்சா அந்தப் பாதுகாப்பு போச்சு. எங்க பாஷையில சொன்னா, ஹார்டுவேர்ல இருக்கிற பக்கை யூசர் கையால மாத்துற ஒரு செட்டிங்கை நம்பி மூடி வச்சாங்க. அந்த செட்டிங் எவ்வளவு முக்கியம்னு யூசருக்குப் புரியற மாதிரி யாரும் சொல்லலை.

1965 நவம்பர்ல ரால்ஃப் நேடர்ங்கிற இளம் வழக்கறிஞர் எழுதின 'அன்சேஃப் அட் எனி ஸ்பீடு' புத்தகம் வெளியானது. முதல் அத்தியாயமே கார்வேர் பத்தி. விபத்துன்னாலே ஓட்டுநரைக் குத்தம் சொல்ற பழக்கத்தை அவர் எதிர்த்தார். காரை வடிவமைச்சவங்களையும் கேள்வி கேக்கணும்னார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரைத் தனியார் துப்பறிவாளர்களை வச்சு வேவு பாத்தது வெளியே வந்து, 1966 மார்ச்ல அந்தக் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் துணைக்குழு முன்னாடி மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் செப்டம்பர்ல வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

நியாயமாச் சொல்லணும்னா கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1972-ல் அமெரிக்க அரசோட நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, 1960-63 கார்வேர் அதே காலத்து மத்த கார்களைவிட அதிகமா கட்டுப்பாடு இழக்கிற கார் இல்லைன்னு சொன்னது. அதுக்குள்ள காரே நின்னுபோயிருந்தது. கடைசி கார்வேர் 1969-ல் வெளிவந்தது. ஆனா ஒண்ணைக் கவனிங்க: புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே கம்பெனி டிசைனைத் திருத்த ஆரம்பிச்சிருந்தது. 1964 மாடல்ல பின்பக்கம் குறுக்கா ஒரு லீஃப் ஸ்பிரிங்கைச் சேர்த்தாங்க. 1965 மாடல்ல ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் மூட்டு வச்ச புது அமைப்பைக் கொண்டுவந்தாங்க. காத்தழுத்தத்தை நம்பறது போதாதுன்னு அவங்க டிராயிங் போர்டே ஒத்துக்கிச்சு.

இங்கிலாந்துலயும் டிரையம்ஃப் கம்பெனி சும்மா இருக்கலை. ஹெரால்டோட உறவுக்காரக் கார்களான ஜி.டி.6, விட்டெஸ் ரெண்டுக்கும் 1968-ல் சக்கரத்துக்குக் கீழே தனி விஷ்போன் கொடுத்தாங்க. அடுத்து ஸ்பிட்ஃபயர் காருக்கு ஸ்விங் ஸ்பிரிங்னு ஒரு எளிய திருத்தம். குறுக்கு ஸ்பிரிங்கோட பட்டைகள் எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டாம, பெரும்பாலான பட்டைகளை நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆட விட்டாங்க. பின்பக்கம் மேல எழும்பி சக்கரம் மடங்குற பழக்கம் பெரிய அளவுல குறைஞ்சது.

மெட்ராஸோட முடிவு

இப்ப பெருங்களத்தூருக்குத் திரும்பி வருவோம். 1971-ல் ஹெரால்டு உற்பத்தி நின்னது. 1972-ல் அதோட வாரிசா ஸ்டாண்டர்ட் கெஸல் வந்தது. நாலு கதவு. அதே 948 சிசி இன்ஜின். பின்பக்கம்? லைவ் ஆக்ஸில். ஸ்விங் ஆக்ஸில் இங்கே கார் வாங்கினவங்களுக்கும் பிடிக்கலை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கலைங்கிறதுதான் சொல்லப்படுற காரணம்.

முதல் தடவை கேக்கிறப்ப இது பின்வாங்கல் மாதிரி தெரியும். லைசன்ஸ் ராஜ்யம், போட்டி இல்லை, புது டிசைனுக்குக் காசு இல்லை, அதனால பழசுக்குப் போயிட்டாங்கன்னு முடிச்சிடலாம். அதுலயும் உண்மை இல்லாமல் இல்லை. விஷ்போன், கூடுதல் மூட்டு எல்லாத்துக்கும் செலவு உண்டு. ஆனா நான் இதை வேற மாதிரி பாக்கிறேன்.

அமெரிக்காவுல கார்வேர் வாங்கினவர் கையில காத்தழுத்தத்தைக் கொடுத்து, "நீ பாத்துக்கோ"ன்னு விட்டாங்க. இங்கிலாந்துல ஸ்விங் ஆக்ஸிலை வச்சுக்கிட்டே படிப்படியாத் திருத்தினாங்க. மெட்ராஸ்ல, காரை யார் ரிப்பேர் பண்ணப் போறாங்களோ அவங்களுக்குப் புரியற அமைப்புக்கு மாறினாங்க. அன்னைக்கு ஒரு கார் 15, 20 வருஷம் குடும்பத்துல இருக்கும். முதல் சில வருஷம் போனா, மதுரையிலயோ திருநெல்வேலியிலயோ ஒரு மரத்தடி ஒர்க்‌ஷாப்தான் அதுக்கு ஆஸ்பத்திரி. அங்கே அலைன்மென்ட் மெஷின் கிடையாது. நூல் கட்டிப் பாப்பாங்க, டேப் வச்சு அளப்பாங்க, கண்ணால பாப்பாங்க. லோடுக்குத் தகுந்த மாதிரி கோணம் மாறுற ஒரு சக்கரத்தை அப்படி அளந்து சரி செய்யறது பெரும்பாடு. நேரா நிக்க வேண்டியது நேரா நிக்குதான்னு பாக்கிறது எளிது.

ஸ்விங் ஆக்ஸில் காரை அளக்கிறதுல ஒரு பொறியும் இருக்கு. ஜாக்கி போட்டுத் தூக்கினா பின்சக்கரம் தொங்கி, கீழ்ப்பக்கம் உள்ளே மடங்கும். இறக்கின உடனே அது பழைய நிலைக்கு வராது, டயர் தரையைப் பிடிச்சுக்கும். காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினாத்தான் சக்கரம் தன் உண்மையான கோணத்துக்கு வரும். இது தெரியாம ஜாக்கியிலேர்ந்து இறக்கின கையோட அளந்தா, இல்லாத கோளாறைக் கண்டுபிடிச்சு, நல்லா இருக்கிற ஸ்பிரிங்கைக் கழட்டுவோம்.

கெஸல் பெரிய வெற்றியெல்லாம் அடையலை. 1977-ல் நின்னது. 1985-ல் இதே கம்பெனி, பிரிட்டனோட ரோவர் எஸ்.டி.1 காரை ஸ்டாண்டர்ட் 2000-ன்னு கொண்டுவந்தது. அதுவும் சில வருஷத்துல முடிஞ்சு ஆலையும் மூடிப்போச்சு. அந்த ரோவர்லயும் பின்பக்கம் லைவ் ஆக்ஸில்தான். இங்கிலாந்துல அதுக்கு முன்னாடி வந்த ரோவர் பி6 காருக்கு இதைவிடச் சிக்கலான பின்பக்க அமைப்பு. அதை விட்டுட்டு 1976-ல் அவங்களும் லைவ் ஆக்ஸிலுக்குத் திரும்பியிருந்தாங்க. 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது அதுக்குத்தான் கிடைச்சது. லைவ் ஆக்ஸில்னாலே மட்டம்னு யாரும் சொல்லிட முடியாது.

உங்க வீட்டுக் காரை எப்படிப் படிக்கிறது

இந்த வரலாறு தெரிஞ்சா, உங்க அப்பாவோட பழைய காருக்கோ நீங்க வாங்கப் போற செகண்ட் ஹேண்ட் காருக்கோ என்ன பயன்? நிறைய. கோளாறுகளோட பேரும் ஊரும் மாறியிருக்கு, ஆனா ரப்பர் எழுதுற எழுத்து அதேதான்.

டயரோட ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நல்லா இருந்தா, காத்து குறைவா ஓடியிருக்கு. நடு தேஞ்சு ஓரம் நல்லா இருந்தா, காத்து அதிகம். இதுக்கெல்லாம் சஸ்பென்ஷனைக் கழட்ட வேண்டாம்.

ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா, அடுத்த கேள்வி: ரெண்டு பின்டயரும் ஒரே மாதிரியா? ரெண்டுலயும் உள் ஓரம் சமமா தேஞ்சிருந்தா, ஸ்பிரிங் தொய்ஞ்சு வண்டி தாழ்ந்திருக்கலாம், தனித்தனி பின்சஸ்பென்ஷன் உள்ள கார்ல முக்கியமா. ஒரு டயர் மட்டும்னா அந்தப் பக்கத்து பேரிங், புஷ், வளைஞ்ச ஆர்ம்னு தேடணும். பின்சக்கரம் பள்ளத்துல பலமா அடிபட்டிருந்தாலும் இப்படி ஆகும்.

உள்ளங்கையை டயருக்குக் குறுக்கா தடவிப் பாருங்க. ஒரு திசையில வழவழன்னும் எதிர்த் திசையில ரம்பம் மாதிரி கீறலாவும் இருந்தா டோ கோளாறு. சக்கரம் நேரா உருளாம இழுபட்டு ஓடுது. கம்பி நீட்டிட்டு இருக்கிற அளவுக்குத் தேஞ்ச டயரைத் தடவாதீங்க, கை கிழியும்.

சுத்துவட்டத்துல விட்டு விட்டுப் பள்ளம் பள்ளமா தேஞ்சிருந்தா, சக்கரம் ரோட்டுல துள்ளித் துள்ளி ஓடியிருக்கு. முதல்ல ஷாக் அப்சார்பர், அப்புறம் வீல் பேலன்ஸ், பேரிங். டிக்கியைக் கையால அழுத்தி விடுங்க. ஒரு தடவை எழும்பி நின்னா சரி. ஆடிக்கிட்டே இருந்தா ஷாக் போச்சு.

எந்த வரிசையில பாக்கணும்கிறதும் முக்கியம். முதல்ல காத்து. அடுத்து சமதரையில நிறுத்தி, ரெண்டு பக்கமும் சக்கர நடுவுலேர்ந்து மேல பாடி விளிம்பு வரை டேப் வச்சு அளங்க. ரெண்டு பக்கமும் வித்தியாசம் இருந்தா ஸ்பிரிங்கைச் சந்தேகப்படலாம். முன்சக்கர நடுவுலேர்ந்து பின்சக்கர நடுவுக்கு இடது பக்கமும் வலது பக்கமும் அளங்க, ஸ்டியரிங் நேரா இருக்கணும். அதுல வித்தியாசம் தெரிஞ்சா அச்சே நகர்ந்திருக்கலாம். அப்புறம் மெக்கானிக் உதவியோட, ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா பேரிங். புஷ் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் அலைன்மென்ட் மெஷின். செத்த புஷ்ஷை வச்சுக்கிட்டு அலைன்மென்ட் பண்ணினா, கடையை விட்டு வெளியே வந்து முதல் வேகத்தடையிலயே அந்தக் காசு போச்சு.

இன்னொண்ணு. இன்னைக்கு நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான சின்னக் கார்கள்ல பின்பக்கம் டார்ஷன் பீம்னு ஒரு அமைப்பு. அதுல கேம்பரையோ டோவையோ திருகித் திருத்த வழி கிடையாது. பின்சக்கரக் கோணம் தப்பா காட்டினா, ஏதோ வளைஞ்சிருக்கு இல்லை தேஞ்சிருக்கு. "அட்ஜஸ்ட் பண்ணிட்டோம் சார்"னு யாராவது சொன்னா, எதை அட்ஜஸ்ட் பண்ணீங்கன்னு மரியாதையா ஒரு கேள்வி கேளுங்க.

டயரை முன்ன பின்ன மாத்திப் போடறதுக்கு, அதாங்க ரொட்டேஷன், முன்னாடி நாலு டயரையும் மொபைல்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எந்தச் சக்கரம்னு குறிச்சு வைங்க. மாத்தின பிறகு எந்தத் தேய்மானம் எந்த இடத்துல வந்ததுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். லாக்கை அழிச்சிட்டு பக்கைத் தேடுற கதையாயிடும்.

சென்னையில பழைய கார் கண்காட்சி ஏதாவது நடந்தா, எப்பவாவது ஒரு ஹெரால்டு வந்து நிக்கும். எல்லாரும் முன்னாடி போய் அந்தப் பெரிய பானட் திறக்கிறதை வீடியோ எடுப்பாங்க. நீங்க பின்னாடி போங்க. கொஞ்சம் குனிஞ்சு ரெண்டு பின்சக்கரமும் எந்தக் கோணத்துல நிக்குதுன்னு பாருங்க, அப்படியே டயரோட உள் ஓரத்தையும் எட்டிப் பாருங்க. அறுபது வருஷமா அந்தச் சக்கரத்தை நேரா நிக்க வைக்க எத்தனை பேர் ராவிக்கிட்டு இருக்காங்கன்னு புரியும். அந்தக் காரோட ஓனர் பக்கத்துல இருந்தா, பின் ஸ்பிரிங்கைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க. அரை மணி நேரத்துக்கு அவர் உங்களை விடமாட்டார்.

உங்க வீட்டுல ஹெரால்டோ கெஸலோ இருந்திருந்தா, அதை ஓட்டின, ரிப்பேர் பண்ணின அனுபவத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.